நாமகரணம் அண்ணன் அரே கற்ற கதை

கம்ப்யூட்டர் புரோகிராமுக்குள்ளும் மரியாதை பார்த்த ஒரே மனிதர், கோவை ஜில்லாவிலேயே எங்கள் நாமகரணம் அண்ணன்தான். உக்கடம் பக்கம், விசைத்தறிக்காரர்களுக்குப் புரோகிராம் எழுதிப் பிழைத்த எங்கள் சின்ன ஆபீசில் அவர்தான் சீனியர்.

புரோகிராமில் ஒரு கணக்கைப் போட்டு வைக்க வேரியபிள் என்று ஒரு டப்பா வேண்டும். தறி ஷெட்டில் எத்தனை நெசவாளர் இருந்தாலும் மற்றவர்கள் அரே என்று ஒரே பெயரில் டப்பாக்களை வரிசையாக அடுக்கி, நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அண்ணன் ஆளுக்கொரு டப்பா வைப்பார். அவர் எழுதிய புரோகிராம், ஓடும்போதே நெசவாளரின் பெயரைப் பார்த்து அதையே டப்பாவுக்கும் சூட்டிவிடும். அன்றைய கம்ப்யூட்டர் மொழி அதற்கு இடம் கொடுத்தது. நாமகரணம் என்ற பட்டப்பெயர் அவருக்கு அதனால் வந்ததுதான். ஏன் இப்படி என்றால், "மனுசனை நம்பர் போட்டுக் கூப்பிட இது என்ன ஜெயிலுங்களா?" என்பார்.

கருமத்தம்பட்டியில் ஒரு ஷெட்டில் இரண்டாவதாக ஒரு பழனிசாமி வேலைக்குச் சேர்ந்தார். இருவருக்கும் ஒரே டப்பா. புதியவர் கணக்கு ஏறியதும் பழையவர் நெய்த துணியெல்லாம் கணக்கில் காணாமல் போனது. வேறு யாராக இருந்தாலும் புரோகிராமைத் திருத்தியிருப்பார்கள். அண்ணன் பஸ் ஏறிப் போய்ப் புதுப் பழனிசாமியைத் திருத்தப் பார்த்தார்.

"ஏனுங்க, ஷெட்டுக்குள்ள மட்டும் வேற பேர் வெச்சுக்கறீங்களா? ஊட்டுல பழனிசாமியாவே இருந்துக்குங்க."

அவர் யோசித்து, கந்தசாமி என்றால் சம்மதம் என்றார். கந்தசாமி ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கடைசியில் அவருடைய மச்சினன் பெயரை இரவல் வாங்கினார்கள்.

பிறகு ஆபீஸ் புது மொழிக்கு மாறியது. அதில் இந்தப் பெயர் சூட்டு விழா நடக்காது. மாதக் கடைசிக்குள் கருமத்தம்பட்டி புரோகிராமை அரேவுக்கு மாற்றாவிட்டால் அண்ணனுக்கு வேலை இல்லை என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அண்ணனின் மகள் காலேஜில் படிக்கிறாள், அவருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. காலண்டரில் நாளை எண்ணியது நான்தான். அண்ணன் நிதானமாக டீ குடித்தார்.

சொல்லிக் கொடுக்க என்னை உட்கார வைத்தார்கள். பெயரை டப்பாவின் மேல் ஒட்டாமல் உள்ளே வைக்கலாம், இரண்டு பழனிசாமியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் வரிசை நம்பர் ஒன்றில் அல்ல, பூஜ்யத்தில் தொடங்கும் என்றதும் மறுபடி முறுக்கிக்கொண்டார்.

"முதல்ல நிக்கறவரு ஷெட்டுக்கே மூத்தவருங்க. அவரைப் பூஜ்யம்னு நான் எழுத மாட்டனுங்க."

மாதக் கடைசி நாள். முதலாளியம்மா வந்து நின்றார். புரோகிராம் ஓடியது. பழனிசாமிகள் இருவரும் அவரவர் துணியோடு, சொந்தப் பெயரிலேயே வந்தார்கள். உச்சியில் மட்டும் பூஜ்ய நம்பரில், ஒரு மீட்டர்கூட நெய்யாத ஒரு புது நெசவாளர். பார்த்தால் அண்ணனின் பெயர்.

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார்.

"யாராச்சும் ஒருத்தர் அங்க உக்காரோணுமல்லங்க அம்மணி. நானே உக்காந்துபோட்டேன்."

வேலை நிலைத்தது. அண்ணன் ஓய்வு பெற்று உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார், அந்தப் புரோகிராம் இப்போது என் கையில். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த முதல் இடத்தைக் காலி செய்துவிடலாமே என்கிறார்கள். அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.