ஜெயராணியம்மன் வாசம்

கெலிஓயாவுக்குப் புதுத் தெய்வம் வந்திருந்தாள். கோயிலில் அல்ல, ஒரு மண்சட்டியில்!

பெயர் ஜெயராணியம்மன். பிறப்பால் ஜெரேனியம். பூச்செடி விற்கக் கூடை சுமந்து வந்த பெரியதம்பி, "ஜெரேனியம் அம்மா, ஜெரேனியம் அம்மா!" என்று கூவியிருக்கிறான். வாசலில் நின்ற புஷ்பம் என்ற பெண்ணின் காதில் அது "ஜெயராணியம்மா" என்று விழுந்தது. அவளும் தெருவிலேயே விழுந்து கும்பிட்டாள். பெரியதம்பி கெட்டிக்காரன். கூடையை இறக்கினான், நெற்றியில் திருநீற்றை ஏற்றினான். அந்த நிமிடம் முதல் அவன் 'அவர்' ஆகிவிட்டான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தேயிலைத் தோட்டத்திலிருந்தும் கடைவீதியிலிருந்தும் சனம் திரண்டது. பெரியதம்பிச் சாமி கண்ணை மூடி மந்திரம் சொல்லி இலையைத் தடவுவார். குப்பென்று ரோஜா வாசம்! அம்மன் இறங்கிவிட்டாளாம். வேறு யாரும் தொட்டால் தீட்டாம். இலையை ஊறப்போட்ட தைலம் பூசினால் தேமல் போகும், படை போகும். அறிவு போவதைப் பற்றி மட்டும் சாமி வாய் திறக்கவில்லை. பக்தர்கள் சட்டியில் பாலாய் ஊற்ற, வேர் அழுகி அம்மன் சாவாள். மறுநாள் புதுச் சட்டியில் அவதாரம் எடுப்பாள்.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. புஷ்பத்தின் மகள் இராஜகுமாரிக்குக் கன்னத்தில் புண். பேராதனை ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பில் அது ஆறிக்கொண்டிருந்தது. "அம்மன் இருக்க இங்கிலீஷ் மருந்தா?" என்று சாமி உறுமவே, புஷ்பம் களிம்பைச் சாக்கடைக் கானில் வீசிவிட்டுத் தைலத்தைத் தடவினாள். புண் கண்ணை நோக்கி ஏறியது.

"அம்மா, கண்ணத் தொறக்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க."

"சும்மா இருடி! அம்மன் சோதிக்கிறா."

"அவ என்னச் சோதிச்சது போதும். இனி நான் அவளச் சோதிக்கிறேன்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இராஜகுமாரி எழுந்து நின்றாள்.

"சாமி, வாசம் வாறது மந்திரத்துலயா, கையிலயா?"

"மந்திரத்துல, மகளே!"

"அப்ப கையப் பின்னால கட்டிக்கிட்டுச் சொல்லுங்க."

சனமும் "சொல்லுங்க சாமி!" என்றது, இன்னும் பெரிய அற்புதத்தை எதிர்பார்த்து. சாமி கையைக் கட்டிக்கொண்டு மந்திரம் சொன்னார். வியர்வை வந்தது. வாசம் வரவில்லை.

"யாரோ தீட்டோட வந்திருக்கீங்க!" என்று அலறினார்.

"தீட்டுப் பட்டா வாசம் வராதா?"

"வரவே வராது!"

பக்கத்துக் கடைக்காரர் வீரய்யாவின் ஆடு வேலியில் கட்டிக் கிடந்தது. இராஜகுமாரி அதை அவிழ்த்துவிட்டாள். நேராக வந்து அம்மனை ஒரே கடி! குப்பென்று ரோஜா வாசம்.

"ஐயையோ, அம்மனத் தின்னுருச்சே!" என்றார் வீரய்யா.

"ஆட்டுக்கு யாரு மாமா மந்திரம் சொல்லிக்குடுத்தா?"

மிச்சமிருந்த இலையைப் பிய்த்துத் தாயின் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். "மோந்து பாருங்கம்மா. கசக்குனா மணக்குற எல. அவ்வளவுதான்."

புஷ்பம் முகர்ந்தாள். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள்.

"பாவி! எம்புள்ள கண்ணப் பறிக்கப் பாத்தியேடா!" என்று விளக்குமாற்றை எடுத்தாள். 'அவர்' மறுபடி 'அவன்' ஆகி, கம்பளை பஸ்ஸின் பின்னால் ஓடினான். தாயும் மகளும் எதிர்ப்பக்கம் பேராதனை பஸ் ஏறினார்கள். நல்ல வேளை, கண் தப்பியது.

ஊர் திருந்தியதா? மறுநாள் காலையில் ஆட்டின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்! அட மக்களே, இலையைக் கசக்கினால் மணக்கிறது. மூளையையும் ஒருமுறை கசக்கித்தான் பாருங்களேன்.