வில்லங்கமும் என் பன்னிரண்டாவது வரியும்

தண்டையார்பேட்டை வீட்டுத் தரகர்கள் கடவுளுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. வில்லங்கத்துக்குப் பயந்து சந்துக்குள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

வில்லங்கம் ஓர் ஆள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் எந்த வீடு விலைக்கு வந்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். ஒரு கிரகப்பிரவேசத்தில், "பாலு பொங்கட்டும், ஒரிஜினல் பத்திரம் எந்த பேங்குல தூங்குது?" என்று கேட்டார். மூன்றாம் மாதம் அந்தச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதையும் வந்து படித்துவிட்டு, "இது ஒண்ணுதான் ஒரிஜினலா கீது" என்றார்.

நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். பட்டியல் போடாமல் பல் துலக்கவும் மாட்டேன். நான் வாங்கவிருந்த வீடு அடமானத்தில் இருந்தது. அதனால்தான் விலை மலிவு. பாக்கிக் கடனை நேராக வங்கியில் கட்டி, பத்திரத்தை மீட்டுப் பதிவு செய்வதாக ஏற்பாடு. பன்னிரண்டு வரிப் பட்டியலில் பதினொன்றுக்கு டிக் போட்டாயிற்று.

வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் வந்து நின்ற வில்லங்கம், என் பட்டியலைப் பிடுங்கிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 'கீழ்வீடு: காலி செய்ய வேண்டும். ரிஸ்க் குறைவு.'

"ரிஸ்க் கம்மியா? யாருக்கும்மா?"

கீழ்வீட்டில் இருந்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா. போக்கியத்துக்கு இருந்தார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தின்றுவிட்டிருந்தார். ஒப்பந்தமோ பதிவாகாத வெறும் முத்திரைத்தாள். வில்லங்கச் சான்றில் வராது. "கேஸ் போட்டாலும் நிக்காது மேடம்" என்று தரகர் சொன்னதை நம்பித்தான் அந்த வரியை எழுதினேன்.

"சட்டப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டத்த மடிச்சி உள்ள வெய்யி! அது வவுத்த கட்டி சேத்த துட்டு. வூட்டுக்காரன் கலீஜுன்னு ஊருக்கே தெரியும். படிச்ச பொண்ணு நீ, அதே வேலைய லிஸ்ட்டு போட்டு பண்றியே!"

கோபம் வந்தது. முதலில் அவர்மேல். பேருந்தில் வீட்டுக்காரர்மேல், தரகர்மேல். இரவில் என்மேல். என்ன நேர்த்தியான கையெழுத்து! ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்த எனக்கு ஆறு சொற்கள் போதுமாக இருந்திருக்கின்றன.

மறுநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வங்கிக்குப் போக மிஞ்சுவதில் முதலில் அக்காவின் பணம், அப்புறம்தான் உங்களுக்கு.

"வேற ஆளுக்கு வித்துக்கிறேன்" என்று அவர் குதித்தார்.

"வித்துக்கோ மாமு," என்றார் வில்லங்கம், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து. "வர்றவங்களுக்கு நானே வூட்ட சுத்திக் காட்றேன்."

இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள். கடைசியில் வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

பதிவன்று அக்கா தன் பணத்தை வாங்கிய பிறகுதான் நான் கையெழுத்திட்டேன். வெளியே வந்து சாவியை வில்லங்கத்திடம் நீட்டினேன். "மொதல்ல நீங்க தொறங்க நைனா."

"எனக்கு இன்னாத்துக்கு?" என்று எரிந்து விழுந்தார். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம், ஆயுள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்தவர். சாவியை வாங்கி வேட்டி முனையால் துடைத்தார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். வீடு வந்து சேரும்வரை அதைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.