அடுத்த வீட்டு மிச்சம்

கொழும்பில் எத்தனையோ வகை மனிதர்கள் உண்டு. அவர்களில், அடுத்த வீட்டில் மிஞ்சும் காசை மோப்பம் பிடிக்கும் வகை வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார். இந்த ஒழுங்கையின் பங்குக்குக் கனகசபாபதி. வருமானவரிக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் வருடாந்த வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். பிறகு எதற்காம் இந்தத் தொண்டு? யாருக்கு என்ன சம்பளம் என்று தெரிய வேண்டாமா?

பிள்ளைகுட்டிக்காரர் படிவத்தில் அவருக்கு ருசியில்லை. அங்கே மிச்சம் ஏது? கீழ் வீட்டு யோகநாதன் படிவம் என்றால் மட்டும் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்குவார். யோகநாதனுக்குக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. மனைவி கௌரி வேலைக்குப் போவதில்லை. ஒரு சம்பளம், இரண்டு வாய். கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வரி, வாடகை, அரிசி, மீன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காக அங்கே தங்கிப்போகும் உறவினர் தின்னும் பாண், யுத்தச் செலவுக்கென்று போட்ட பாதுகாப்பு வரியால் ஏறிய விலைகள் எல்லாவற்றையும் நியாயமாகக் கழித்துப் பார்த்தால், மாதம் மூவாயிரம் ரூபாய் போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் விடை கிடைத்தது. வங்கியில்தான் கிடக்கிறது, வேறெங்கே? பிள்ளையில்லாத வீட்டில் பள்ளிக்கூடக் காசா, டியூசன் காசா? இராணுவச் சுற்றிவளைப்பில் இரண்டு தடவை பிடிபட்டு வந்த தன் மருமகனைக் கனடாவுக்கு அனுப்ப, ஏஜென்சிக்காரன் கேட்ட தொகையில் அவருக்கு ஒன்றரை லட்சம் குறைந்தது. நிரப்பிய படிவத்தோடு கீழே இறங்கினார்.

கௌரி தேநீர் வைத்தாள். கனகசபாபதி நாட்டு நிலைமை, விலைவாசி, பிள்ளை பெற்றவர்கள் படும் பாடு எல்லாம் சுற்றி வந்து, கடைசியில் கடன் கேட்டார்.

"உங்களுக்கென்ன தம்பி செலவு? சும்மா கிடக்கிற காசுதானே."

யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பழகாத யோகநாதன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினான். கௌரிதான் பதில் சொன்னாள்.

"அது டொக்டருக்குப் போற காசு, அங்கிள். பிள்ளைக்காக ஆறு வருஷமா மாசாமாசம் கட்டினனாங்கள். போன கிழமை, இனிச் செலவழிச்சுப் பிரயோசனமில்லை எண்டிட்டார்."

வேறு யாராக இருந்தாலும் தேநீரை வைத்துவிட்டு எழும்பியிருப்பார்கள். கனகசபாபதிக்கும் மனம் நொந்தது, பொய்யில்லை, கண்கூடக் கலங்கியது. ஆனால் கை கேட்கவேண்டுமே! சட்டைப் பையிலிருந்து கலண்டர் தாளை எடுத்து, அந்த மூவாயிரத்துக்கு நேரே 'வைத்தியம்' என்று எழுதினார். கணக்குச் சரிவந்தது. முகம் தெளிந்து கௌரி பக்கம் திரும்பினார்.

"அப்ப பிள்ளை, இந்த மாசத்திலயிருந்து அதுவும் மிச்சம்தானே."

யோகநாதன் எழுந்து படிவத்தை வாங்கிக்கொண்டான். காசு தரமுடியாது என்றான். இனித் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். கௌரி அதற்குள் குசினிக்குள் போய்விட்டாள். அவள் அழுத சத்தம் படியேறும்வரை கனகசபாபதிக்குக் கேட்டது. எங்கே பிழைத்தது என்று இன்னும் யோசிக்கிறார். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

அவரைத் திட்டுகிறீர்களா? நன்றாகத் திட்டுங்கள். அது கிடக்க, போன ஞாயிறு பாமன்கடையில் பிள்ளையில்லாத ஒரு வீட்டில் தேநீர் குடித்தீர்களே, அங்கே புதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று நின்றதே, பஸ் வரும்வரைக்கும் உங்கள் மனைவியோடு என்ன கதைத்துக்கொண்டு நின்றீர்கள்?