முதல் வரியிலேயே கொலைகாரன்

இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று காபி டம்ளரில் விழட்டும். அத்தனையும் சத்தியம்!

1996-ல் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நடந்தது. ஒரு தமிழ் நாளிதழில் இருபது வருஷம் செய்தி எழுதிக் குவித்த கோதண்டராமன், ராஜினாமாவை வீசியெறிந்துவிட்டு வந்து மனைவி ருக்குவின் எதிரே நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“இனிமே நான் நாவலாசிரியன்!”

“மூணு விசில் வந்ததும் குக்கரை இறக்கிடுங்க, நாவலாசிரியரே.”

“அடியே, எழுத்தாளன் குக்கரைத் தொடமாட்டான்.”

“சரி, தீபாவளி வரைக்கும் தொடாதீங்க. அதுக்குள்ள எந்தப் பத்திரிகையும் எடுத்துக்கலைன்னா?”

“பழைய எடிட்டர் கால்ல விழுந்து மறுபடி வேலையில சேர்றேன்!”

வாய் சொல்லிவிட்டது. அந்தக் காலில் விழுவதைவிட அல்சூர் ஏரியில் விழலாம் என்று மனசு சொன்னது.

எழுதினார் பாருங்கள்! பேனா சூட்டில் தெருவுக்கே கொசு வரவில்லை. முப்பது அத்தியாயம், மர்ம நாவல். வாரப் பத்திரிகை ஆசிரியர் ரங்கநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் வரியிலேயே ரங்கநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

‘சொத்துத் தகராறில் மாமனாரை விஷம் வைத்துக் கொன்ற மருமகன் நாணு அத்திபெலேயில் நேற்று கைது.’

“கொன்னவன், காரணம், கைது எல்லாம் வந்தாச்சே சார்! மிச்சத்தை யாரு படிப்பா?”

“முக்கியமானதை முதல்ல சொல்லிடணும். கை பழகிடுச்சு சார்.”

“எடுத்துட்டுப் போயிடுங்க.”

எடுத்துப் போனால் ருக்கு பார்த்துவிடுவாளே! தாள்களை அங்கேயே விட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு வீடு வந்தார்.

“ஓகே பண்ணிட்டாங்க ருக்கு! ரங்கநாதன் படிச்சிட்டு அழுதே போயிட்டாரு.”

“அப்படியா! மைசூர்பாகு குடுத்துட்டு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்.”

இவர் செருப்பைத் தேடுவதற்குள் அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பழைய எடிட்டர் காலில் எந்தப் பக்கமாக விழுவது என்று கோதண்டராமன் கட்டில் காலில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

ருக்கு திரும்பி வந்தாள்.

“அவர் அழுதது நிஜம்தாங்க. இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு!”

கோதண்டராமன் கட்டில் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அங்கேயே உக்காந்து அத்தியாயத்தை எல்லாம் தலைகீழா அடுக்கிக் குடுத்தேன். இப்ப நாணு கடைசியிலதான் மாட்டறான். அடுத்த வாரம் தொடர் ஆரம்பம்.”

“ஜெயிச்சுட்டேன்டி!”

“ஜெயிச்சீங்க. அடுக்கினதைப் பார்த்துட்டு எனக்கும் அங்கேயே சப்-எடிட்டர் வேலை குடுத்துட்டாரு. காலையில நான் கிளம்பிடுவேன். வீட்டை நீங்க கொஞ்சம், இந்த ஊர் பாஷையில ‘ஸ்வல்ப’, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

தொடர் வந்தது. புகைப்படத்துக்குக் கீழே புது சப்-எடிட்டர் எழுதிய அறிமுகமும் வந்தது:

‘கோதண்டராமன், ஆஸ்டின் டவுன். வீட்டு வேலை பார்க்கிறார். பாத்திரம் தேய்த்தது போக நேரமிருந்தால் எழுதுவார்.’

யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் ஐயா. நான் அவர்களுக்கு எதிர்வீடு.