படம் காய்கிறது

ஓவியக் கல்லூரியில் அச்சுக்கலை பயின்று, அந்தத் துறையிலேயே பிழைத்து, ஓய்வும் பெற்றவன் நான். எத்தனையோ நூல்களுக்கு அட்டை வடிவமைத்திருக்கிறேன். ஆனால் என் குடும்பத்தார் என்னை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு படத்துக்காகத்தான். அந்தப் படமும் நான் போட நினைத்த படமன்று.

அப்போது ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். நான் இறுதியாண்டு மாணவன். உலகத்தில் என் கலையைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாக நம்பிய பருவம். (தாடி வேறு. அதைத் தாடி என்று நான் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.)

ஒருமுறை, மறுநாளே கல்லூரியில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சைத் தடவி இருட்டில் உலர்த்த வேண்டும். பிறகு வரைந்த படத்தை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பூச்சு இறுகிவிடும். இறுகாத இடத்தைக் கழுவி எடுத்தால் அதன் வழியே மை இறங்கும். அதுவரை ஒரு பொட்டு வெளிச்சமும் படக் கூடாது. சிவப்பு விளக்கு மட்டும் ஆகும்.

எங்கள் வீட்டில் இருட்டான அறை குளியலறை ஒன்றுதான். ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, சிவப்பு பல்பு மாட்டி, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் மக்கில் பூச்சைக் கலந்து தடவி, சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். மீந்த பூச்சு மக்கிலேயே இருந்தது.

அன்று மாலை விமலா அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்பு வந்த இரண்டு இடங்களும் "சொல்லி அனுப்புகிறோம்" என்று போய்ச் சொல்லியே அனுப்பாதவை. அம்மா வாய் திறந்து பேசுவதையே குறைத்திருந்தாள். அவர்கள் வருவதற்குள் படம் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. அவர்களோ ராகு காலம் தொடங்குமுன் வாசலை மிதித்துவிட வேண்டுமென்று பூந்தமல்லியிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா அங்கே இரும்புக் கடை வைத்திருந்தவர், ஆகிருதியான மனிதர். உள்ளே வந்ததும் கேட்டார்: "பஸ்ஸுல வந்த காலு. கழுவிக்கணும். பாத்ரூம் எங்க கீது?"

நான் கதவை மறித்து நின்றேன்.

"சார், உள்ளே லைட் மட்டும் மாத்தாதீங்க. படம் காயுது."

"இன்னா காயுது?"

"படம், சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். (பெண் வீட்டில் இப்படி ஒன்று இருப்பதைத் தரகர் சொல்லவில்லையே என்ற பார்வை.) பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சள் பூச்சும் தண்ணீரும் ஒன்றுபோலவே தெரியும் என்பது எனக்குக் கல்லூரியில் கற்பித்த பாடம். அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

"இன்னாய்யா இது, தண்ணி கொழகொழன்னு கீது!"

கதவு திறந்தது. முழங்காலுக்குக் கீழே மஞ்சள் வழிய, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நடைக்கு வந்தார். நடையில் மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.

அடுக்களையில் காபித் தட்டோடு, தலை குனிந்து வருவதற்காகக் காத்திருந்த அக்கா அதைப் பார்த்தாள்.

"மாமா! வெளிய வராதீங்க! உள்ள போங்க!"

கூடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண் இன்னும் காபியே கொடுக்கவில்லை. அதற்குள் மாமா என்றும் கூப்பிட்டாயிற்று, விரட்டியும் ஆயிற்று. அவர் என்ன நினைத்தாரோ, மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விட்டார்.

"வெளிச்சம் பட்டுக் காஞ்சா காலோட புடிச்சுக்கும் மாமா. அப்படியே நில்லுங்க, வெந்நி எடுத்துட்டு வரேன்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியோடு வந்தவள் என்னிடம் சொன்னாள்: "டேய், நல்ல பல்பை மாட்டு. கதவை முழுசாத் திற."

"அக்கா, என் ஸ்கிரீன்!"

மூன்று சொற்கள்தாம். இதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்தது என்பதை அக்கா பிற்காலத்தில் எல்லா விசேஷ வீடுகளிலும் நடித்துக் காட்டுவாள்.

"திறடா எருமை!"

திறந்தேன். பல்பு எரிந்தது.

அவர் வெந்நீரால் காலைத் தேய்த்தபடியே கேட்டார்: "நீ இதெல்லாம் படிச்சிருக்கியாம்மா?"

"அவன்தான் படிக்கிறான் மாமா. தெனம் ராத்திரி சோறு போடும்போது நான் கேட்டுத் தொலையறேன்."

கூடத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அது மாப்பிள்ளையுடையது.

புறப்படும்போது அந்தப் பெரியவர் அப்பாவிடம் சொன்னார்: "எங்க ஊட்ல என்னை ஒருத்தரும் உள்ள போன்னு சொன்னதில்ல. இந்தப் பொண்ணு சொல்லிச்சு, நானும் போய்ட்டேன். அப்பால இன்னா பேச்சு? தேதி பாருங்க."

அன்றிரவு சட்டத்தைக் கழுவிப் பார்த்தேன். அவர் கீழே போட்ட மக்கு அதன்மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறது. அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் இறுகாமல், பிடி முதற்கொண்டு ஒரு மக்கின் உருவம் துல்லியமாக வந்திருந்தது. வேறு வழியின்றி அதையே அச்சிட்டு ஒப்படைத்தேன். நான்காண்டுகளில் என் பேராசிரியர் பாராட்டிய ஒரே படம் அதுதான்.

அதில் ஒரு பிரதியை அக்கா சட்டம் போட்டு, பருத்திப்பட்டில் தன் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மேலே மாட்டினாள். உள்ளே யார் சற்று நேரம் எடுத்துக்கொண்டாலும் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "படம் காயுதா?" என்பாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் அந்தச் சொல்லோடுதான் வளர்ந்தார்கள்.

சென்ற மாதம் அவளுடைய பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய உறவினர்கள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் கழுவி வருகிறேன் என்று எழுந்து போன நான், குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அத்தான்.

"மச்சான்..." என்றார். பிறகு மறுபடி தட்டி, "இன்னாடா, படம் காயுதா?" என்றார்.

"காயுது அத்தான்" என்றேன். "லைட் மட்டும் போடாதீங்க."