வடகம் திரும்பப் பெறப்படுகிறது

எனக்கு ஆங்கிலம் அரைகுறையாகத் தெரியும். முழுசாகத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேன். அறவே தெரியாமல் இருந்திருந்தாலும் யாரையாவது கேட்டுப் பிழைத்திருப்பேன். இந்த அரைகுறை இருக்கிறதே, அது யாரையும் கேட்க விடாது. கேட்டால் கௌரவம் போய்விடும் என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கும். அப்படிக் கட்டிக் காத்த கௌரவத்தால், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவியின் தொழிலை ஊத்தி மூடப் பார்த்தேன்.

தொழில் என்றால் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பது. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் என் மனைவி தனம், ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்கிறாள். மடுகரை முதல் பாகூர் வரை மளிகைக் கடைகளில் எங்கள் மஞ்சள் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். நிறுவனத்தில் என் பதவி மேனேஜிங் டைரக்டர் (கார்டை நானே அடித்துக்கொண்டேன்). வேலை, மூட்டை தூக்குவது.

புதுச்சேரி டவுனில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். எங்கள் வடகத்தை வைக்கச் சொல்லி தனம் இரண்டு வருஷம் அங்கே நடையாய் நடந்தாள். கடைசியில் ஒருநாள் சம்மதித்து மெயில் அனுப்பினார்கள். முழுக்க ஆங்கிலம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு அப்படி ஒரு நிமிஷம் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"இன்னாங்க எழுதிக்கிறான்?" என்றாள் தனம்.

"எக்ஸ்டென்டட் புரொடியூசர் ரெஸ்பான்சிபிலிட்டி. அதுக்குப் பேப்பர் கேக்கறான்."

"புரொடியூசரா? சினிமாவுக்கா?"

"நம்ம பாக்கெட்டுக்கு நாமதான் புரொடியூசர். பிளாஸ்டிக் கவருல போட்டு விக்கிறோம்ல, அது குப்பையாப் போச்சுன்னா நாமதான் பொறுப்பு. திரும்ப வாங்கணும். கவர்மென்ட் ரூலு."

"துன்னுட்டுத் தூக்கிப் போடறது அவங்க, பொறுக்கறது நாமளா? யார்னா தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுடுங்க."

"எனக்குத் தெரியாததா?"

இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடங்களையெல்லாம் தொகுத்தால் அதுவே என் வாழ்க்கை வரலாறு. அந்த மெயிலின் கடைசி வரியில் 'உங்களுக்குப் பொருந்துமானால்' என்கிற அர்த்தத்தில் இரண்டே இரண்டு ஆங்கில வார்த்தைகள் இருந்தன. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' மாதிரி அது ஏதோ மரியாதைக்குப் போடுவது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

பதிவு செய்யும் இணையதளத்தைத் திறந்தேன். உங்கள் பிளாஸ்டிக் எந்த வகை என்று கேட்டது. மஞ்சள் என்று சொல்ல அதில் இடமில்லை. மூடிவிட்டேன். முதலில் இரண்டு மூட்டை காலிப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிப் போட்டோ எடுத்துக் காட்டிவிட்டால், பேப்பர் தானாக வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன்.

ஊருக்கு விஷயத்தைச் சொல்ல மைக் கட்டிய ஆட்டோ வைத்திருக்கும் சேகரைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் சேகர் குரலில்தான் ஊருக்குத் தெரியும். தனம் அன்றைக்கு வீராம்பட்டினத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்த தமிழ் எனக்கு. ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். சேகர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"'காலிப் பாக்கெட்'னு எழுதிக்கிறியே, இத்த மட்டும் நல்லா அழுத்திச் சொல்லட்டாண்ணா? ஜனங்களுக்குப் புரியணும்ல?"

அப்போதுதான் அந்த வார்த்தை என் கண்ணில் பட்டது. பகீரென்றது.

"இன்னா சேகரு பேசற? நம்ம சரக்கு பேரச் சொல்லி, பக்கத்துலயே 'காலி'ன்னு ஊர் ஊரா மைக்குல கத்துவியா? வெள்ளிக்கெழம அதுவுமா?"

பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அடித்தேன். ஒருமுறைக்கு மூன்று முறை கோடு போட்டு அடித்தேன். சேகர் மைக்கில் வாசித்தது இதுதான்:

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. கரிக்கலாம்பாக்கத்தில் தயாராகும் மஞ்சள் நிற வடகப் பாக்கெட்டுகள், அரசு விதிகளின்படி உடனடியாகத் திரும்பப் பெறப்படுகின்றன. பொதுமக்கள் தங்கள் வீட்டில் உள்ள பாக்கெட்டுகளைத் தாமதமின்றி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அதுவும் சாவு சொல்கிற அதே குரலில்.

வீட்டு வாசலில் மேஜை போட்டு, கோணி விரித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர் மடுகரைக் கடைக்காரர். ஒரு பாக்கெட்கூடப் பிரிக்காமல் முழுச் சரத்தையும் மேஜையில் வீசினார். "முன்னாடியே சொல்றதில்லயாபா? நாளைக்குப் போலீசு எங்கடைக்கு வராதா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே பக்கத்துத் தெரு மேரி அக்கா ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலைல வச்ச கொழம்பு தம்பி. ரெண்டு உருண்ட போட்டுத் தாளிச்சுட்டேன். இத்தயும் எடுத்துக்குவியா?"

அதற்குள் வாசலில் முப்பது பேர். எல்லோர் கையிலும் முழு முழுப் பாக்கெட். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே கேவலமான இடம். மேஜைமேல் ஏறி நின்று விளக்கம் கொடுத்தேன்.

"முழுசா இருக்கறது வாணாம்! எல்லாரும் வூட்டுக்குப் போய் துன்னுட்டு அப்புறமா கொண்டாங்க!"

கூட்டம் கையிலிருந்த பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"துன்னுட்டு வரணுமா?" என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர். "நேத்து துன்னதுக்கே எனக்கு வயித்த இன்னாவோ பண்ணுது. கூசாம எங்கள சாவச் சொல்றான் பாரு!"

அப்போது போன் அடித்தது. தனம். "இன்னாங்க, நம்ம வடகத்துல பல்லி வுழுந்துடுச்சாமே? இங்க மீன் விக்கறவங்கள்லாம் பேசிக்கிறாங்க." பாகூர்ப் பக்கம் அது பல்லி இல்லை, எலி மருந்து என்று பிறகு தெரிந்தது.

மாடியிலிருந்து ஆறு பெண்களும் இறங்கி வந்து நின்றார்கள். அஞ்சலை என்பவர், முதல் நாளிலிருந்து தனத்தோடு இருப்பவர், தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எங்க கையாலதானே புடிச்சோம்? நாங்க சுத்தமாத்தானே செஞ்சோம் தம்பி? நாளைக்கு வேலைக்கு வரட்டுமா, வாணாமா?" அவ்வளவு நேரம் இருந்த கௌரவமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இந்த ஆறு பேர் கையையும் ஊர் முன்னால் சந்தேகப்பட வைத்துவிட்டேனே என்று கூனிக் குறுகிப்போனேன்.

மதியத்துக்குள் தனம் வந்து சேர்ந்தாள். சேகரிடமிருந்து அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்று கோடு போட்டு அடித்திருந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அத்த ஒண்ண அடிச்சுட்டு, மொத்தத்தையும் காலி பண்ணிட்டீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அழவும் இல்லை. ஸ்டவ், வாணலி, ஒரு தவலை சோறு எல்லாவற்றையும் சேகர் ஆட்டோவில் ஏற்றினாள். கடைசியாக என்னையும் ஏற்றினாள்.

காலையில் ஆட்டோ போன அதே வழி. ஒவ்வொரு கடை வாசலிலும் தனம் அவர்கள் திருப்பித் தந்த பாக்கெட்டிலிருந்தே ஒரு உருண்டையை எடுத்துப் பொரித்துச் சோற்றில் போட்டுப் பிசைவாள். நான் ஊர் பார்க்கச் சாப்பிட வேண்டும். "முதலாளியே துன்றாரு, எல்லாரும் வந்து பாருங்க!" என்று சேகர் மைக்கில் கூவுவார். மடுகரைக் கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "அரமணி நேரம் குந்துபா, பாக்கலாம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் என்னையே பார்த்தது. மனிதன் சாகாமல் இருப்பதை இவ்வளவு ஏமாற்றத்தோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வில்லியனூரில் ஒருவர், "முன்னாடியே மாத்தர எதுனா போட்டுக்கினு வந்துட்டியா?" என்று வாயைத் திறக்கச் சொன்னார். பாகூரில் எட்டாவது கடை. கடுகு புரையேறி இருமிவிட்டேன். "ஆரம்பிச்சுட்டுது!" என்று ஒரு குரல். கூட்டம் நாலு அடி பின்வாங்கியது. தனம் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது புரைக்கு மட்டும் விழுந்த அடி என்று இன்றுவரை நான் நம்பவில்லை.

பதினோரு கடை. பதினோரு உருண்டை. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு கடையிலும் சரம் பழையபடி தொங்கியது. அதற்கப்புறம் இரண்டு நாள் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பூண்டு அப்படி.

திங்கட்கிழமை, மிஞ்சிய பாக்கெட் மூட்டையோடு டவுனில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். இந்தமுறை தனமும் கூட வந்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை பேர் வேலை செய்யறீங்க?"

"ஆறு பேருங்க."

"சிறு நிறுவனம்னு பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணிக்கிறோம்" என்று தனம் சான்றிதழை நீட்டினாள்.

"அப்ப இந்தப் பதிவு உங்களுக்குப் பொருந்தாதும்மா. இந்தச் சான்றிதழை அந்தக் கடைக்கு அனுப்பினா போதும். பெரிய கம்பெனிங்ககூட அவங்கவங்க பாக்கெட்டையே தேடிப் பொறுக்கிட்டு இருக்கறதில்ல. மறுசுழற்சி பண்றவங்ககிட்ட கணக்கு காட்டிச் சான்று வாங்குவாங்க." பிறகு என் காலடியைப் பார்த்தார். "அந்த மூட்டையில என்ன, இந்த வாசனை?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனம், "அது எங்க வூட்டுக்காரருங்க, தெரியாமக் கூட வந்துட்டாரு" என்றாள்.

சூப்பர் மார்க்கெட்டில் இப்போது எங்கள் மஞ்சள் பாக்கெட் தொங்குகிறது. அஞ்சலை அங்கே போய் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. புதுச் சரக்கு இறங்கினால் தேதியைப் பார்க்க மாட்டார்கள். "அவரு நல்லாக்கீறாரா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் அது என்மேல் உள்ள பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். தனம் பதறிப்போனாள். "உள்ள போய் படுங்க, வாசப்பக்கம் வராதீங்க, நேத்துதான் பத்து கடைக்குச் சரக்கு போட்டுக்கிறோம்" என்றாள். உள்ளூர் டாக்டரிடம் வேண்டவே வேண்டாமென்று, தலையில் ஹெல்மெட் மாட்டி, ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, ஒரு காலையில் யாருக்கும் தெரியாமல் வில்லியனூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். வரிசையில்கூட நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே போனதும் டாக்டர் கழற்றச் சொல்லி, வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நீங்க அந்த வடகக்காரர்தானே? எங்க வூட்ல நேத்து நைட்டுதான் தாளிச்சாங்க. உண்மையச் சொல்லுங்க, உங்களுக்கு வெறும் காய்ச்சல்தானே?"