ரோல் நம்பர் நாற்பத்தேழு

"ரோல் நம்பர் நாற்பத்தேழு, மைக்கைத் திறந்து பதில் சொல்லுங்க."

கிருஷ்ணப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு மாதமாக நடக்கிற ஆன்லைன் பி.காம். வகுப்பில் இப்படி ஓர் ஆபத்து வந்ததே இல்லை. மனோரமா மேடம் நம்பரைக் கூப்பிடுவார். கிருஷ்ணப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 'பிரசன்ட்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்புவார். அத்தோடு அன்றைய கண்டம் கழிந்துவிடும்.

"ந்தா, கூப்புடறாங்க பாரு," என்றாள் மனைவி மல்லிகா, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே.

"என்னையா கூப்புடறாங்க? உன் பொண்ணைக் கூப்புடறாங்க!"

சங்கடமே அதுதான். பொண்ணு சந்தியா இருந்தது சென்னைக்கு வடக்கே, தடா பக்கத்தில். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்து, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "கால் வீங்கிக்கினு கீது நைனா" என்பாள், பஸ் லேட்டு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. அதைக் கேட்டுவிட்டுக் கிருஷ்ணப்பா அன்றைக்கு முழுவதும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

அவள்தான் பொங்கலுக்குச் சித்தூர் பக்கத்துச் சொந்த ஊரான புத்தலப்பட்டுக்கு வந்தபோது, பி.காம். சேரப்போவதாகச் சொல்லிப் பெட்டியைக் குடைந்து, ஆதார், ரேஷன் கார்டு, இருந்த சர்டிபிகேட் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள். போகிற போக்கில் நைனாவையும் சுவரோரம் நிற்க வைத்து ஒரு படம் பிடித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளாஸ். அந்த நேரத்துல எனக்கு ஷிப்டு. போனை லாக்கர்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. நீ உக்காந்து கேட்டுக்கினு இரு நைனா. நோட்ஸ் எழுது. அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு பர்சன்ட் இல்லன்னா பரீட்சைக்கு வுட மாட்டாங்க."

"நானா? எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"நீ இன்டர் பாசாச்சே. சித்தூர் காலேஜ்ல பி.காம். சீட்டு வந்தவன்தானே?"

வந்தது வாஸ்தவம். தொண்ணூற்றிரண்டில் சீட்டு வந்தது. அதே வாரம் பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு லாரியும் வந்தது. வீட்டில் அரைக் காணி நிலம்கூட இல்லாத காலம். கிருஷ்ணப்பா லாரியில் ஏறினார். பதினாறு வருஷம் கம்பி கட்டிய பிறகு ஒன்றரை ஏக்கரும் இரண்டு மாடும் வந்தன. சீட்டு மட்டும் வரவில்லை.

"நம்ம வூட்டுக்கு ஒரு டிகிரி வந்தே ஆவணும் நைனா," என்றாள் சந்தியா.

டிகிரி வந்தால் நின்றுகொண்டிருக்கிற பெண்ணை ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்று கிருஷ்ணப்பா தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வகுப்பைக்கூட அவர் விட்டதில்லை. மாட்டைக் கறந்து, பாலைச் சென்டரில் ஊற்றிவிட்டு, ஐந்து ஐம்பத்தைந்துக்கெல்லாம் கொட்டகையோரம் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். திரையில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். அது ஒரு பெரிய சௌகரியமாக இருந்தது, இன்றைக்கு மைக்கைத் திறக்கச் சொல்லும் வரையில்.

"நாற்பத்தேழு, இருக்கீங்களா இல்லையா?" என்றார் மேடம். மேடம் பேசுவது தெலுங்கு. புத்தலப்பட்டுக்காரர்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் பிசைந்த சோறு.

கிருஷ்ணப்பா தொண்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தம்மால் முடிந்த அளவுக்குப் பெண் குரலில், "இருக்கேன் மேடம்," என்றார்.

அந்தப் பக்கம் மேடம் ஹெட்போனைச் சரிசெய்கிற சத்தம் கேட்டது.

"நாற்பத்தேழா பேசறது? குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தொண்டை கட்டிக்கினு கீது மேடம்," என்றது அதே கீச்சுக்குரல்.

"பாவம். மிளகுக் கஷாயம் வெச்சுக் குடிங்க. நாளைக்குக் கேக்கறேன்."

மல்லிகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகிற மாதிரி தெரியவில்லை.

மறுநாள் பாடம் தேய்மானம். ஒரு மிஷின் வருஷா வருஷம் எப்படி மதிப்புக் குறைகிறது என்று மேடம் விளக்கிவிட்டு, யாராவது சொந்த உதாரணம் சொல்லுங்கள் என்றார். அறுபது பேரும் மூச்சுவிடவில்லை. கிருஷ்ணப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு உட்காருவது அவருக்கு வயிற்று வலி மாதிரி. தொண்டை, குரல் எல்லாம் மறந்துபோய்ச் சொந்தக் குரலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மாடு மேடம். முதல் ஈத்துல வாங்கறப்போ ஒரு வெலை. ரெண்டாவது, மூணாவது ஈத்து வரிக்கும் பால் ஏறும், வெலையும் நிக்கும். நாலாவதுக்கு மேல வருஷத்துக்கு இவ்ளோன்னு எறங்கிக்கினே போவும். கடைசியில தோலுக்கு ஒரு வெலை நிக்கும் பாருங்க, அதான் நீங்க சொன்ன அந்தக் கடைசி மதிப்பு."

சொல்லி முடித்த பிறகுதான், தாம் என்ன காரியம் செய்தோம் என்பது உறைத்தது.

"வெரி குட் நாற்பத்தேழு!" என்றார் மேடம். "இப்படித்தான் தைரியமா பேசணும். தொண்டையும் சரியாயிடுச்சு போல."

வகுப்பு முடிந்ததும் கிருஷ்ணப்பா பலகையிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"பாராட்டறாங்களேய்யா, அப்புறம் இன்னா?" என்றாள் மல்லிகா.

"உனக்கு ஒண்ணும் தெரியாதுமே. இது போலீஸ்காரன் டீ வாங்கிக் குடுத்து விசாரிக்கிற கதை. ஆம்பளை கொரலைக் கேட்டுட்டு எந்த வாத்தியாராவது வெரி குட் சொல்லுவாங்களா? தெரிஞ்சுபோச்சு. கையும் களவுமா புடிக்கக் காத்துக்கினு கீறாங்க."

அவர் பயந்த மாதிரியே அடுத்த வாரம் எல்லோரையும் கேமராவைத் திறக்கச் சொன்னார் மேடம். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கிருஷ்ணப்பா உள்ளே ஓடி, சுவரில் மாட்டியிருந்த சந்தியாவின் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பில் எடுத்தது. ரெட்டைச் சடை, நெற்றியில் விபூதி. அதைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடித்துக்கொண்டார். கை ஆடினால் போட்டோவும் ஆடியது. ஆடட்டும், உயிருள்ள பிள்ளை மாதிரிதான் தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"நாற்பத்தேழு, போட்டோவெல்லாம் காட்டாதீங்க," என்றார் மேடம் எடுத்த எடுப்பில். "ஆள் முன்னாடி வாங்க."

கிருஷ்ணப்பா போனையே அணைத்துவிட்டார். சிக்னல் போய்விட்டது என்று பிறகு எழுதி அனுப்பினார். எதிரிலேயே டவர் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"துன்னுய்யா," என்றாள் மல்லிகா. "பொண்ணுகிட்ட சொல்லிடலாம். அவளே மேடத்துக்குப் போன் போட்டுப் பேசிக்கட்டும்."

"வோணாம். அது அங்க நின்னுக்கினு வேலை செய்யுதா, இதைக் கேட்டுட்டு அழுதுக்கினு நிக்குமா? நம்ம தலைமேல போட்டுட்டுப் போச்சு. நாமதான் முடிக்கணும்."

முடிக்கிற வழியையும் அவரே கண்டுபிடித்தார். தேவைப்பட்டது ஒரு பெண் குரல். வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் குரலுக்குப் படிப்பு எதற்கு? பதிலை இவர் காதில் சொல்லுவார், அவள் வாயால் சொல்ல வேண்டியது. மல்லிகா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு சந்தியாவின் கால் ஞாபகம் வந்து ஒப்புக்கொண்டாள். பேசுவதென்று ஆன பிறகு, புடவை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கேமரா ரிப்பேருன்னு எழுதி அனுப்பியாச்சு, மூடிக் கீதுமே. பூவு எதுக்கு?"

"பேச்சுல தெரியும்யா."

அன்றைய பாடம் குட்வில். ஒரு வியாபாரத்துக்குச் சேர்கிற நல்ல பெயரையும் சொத்தாகக் கணக்கில் எழுதலாம் என்பது விஷயம். மேடம் நேராக நாற்பத்தேழைத்தான் கேட்டார். கிருஷ்ணப்பா மல்லிகாவின் காதருகே குனிந்து, "பழைய வாடிக்கை, கடை இருக்கிற எடம், மொதலாளி நாணயம்," என்று கிசுகிசுத்தார்.

மல்லிகா முதல் இரண்டையும் ஒழுங்காகச் சொன்னாள். மூன்றாவதில் அவளுக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது.

"நாணயம்னா இன்னா மேடம், ஒரு வூட்ல பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடி தெருவுல நாலு பேரை விசாரிப்பாங்க இல்ல? அந்த நாலு பேரும் நல்லதா சொன்னா அதான் சொத்து. எங்க வூட்டுக்காரரைப் பத்தி எங்க நைனா விசாரிச்சப்போ..."

"ஏய், அது இன்னாத்துக்குமே இப்போ!" என்று கிருஷ்ணப்பா கிசுகிசுக்க மறந்து கத்திவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். குரலில் சிரிப்பு இல்லை. "யார் பேசறது? நாற்பத்தேழுக்குப் பதிலா வேற யாரோ பேசறாங்க. இது ஆள் மாறாட்டம். நான் எழுதி அனுப்பப் போறேன்."

மறுநாளே செய்தி வந்தது. ரோல் நம்பர் நாற்பத்தேழுக்காக வேறொருவர் வகுப்பில் பங்கெடுத்ததாகச் சந்தேகம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதாருடன் திருப்பதி ஸ்டடி சென்டருக்கு நேரில் வரவேண்டும். வராவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத முடியாது.

மூன்று வருஷம். கிருஷ்ணப்பா அதை நான்கு தடவை படித்தார். இன்னும் மூன்று வருஷம் அந்தப் பெண் நிற்க வேண்டும் என்றுதான் அவருக்கு அர்த்தமாயிற்று. லாரியில் ஏறிய அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா பார்த்துவிட்டு, வாளியைத் தானே வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே இருவரும் கிளம்பினார்கள். நான்கு மாதம் எழுதிய ஆறு நோட்டுப் புத்தகங்களும், மேடத்துக்கென்று ஒரு பை பெனிஷா மாம்பழமும் மடியில் இருந்தன. மாம்பழம் லஞ்சம் போல ஆகிவிடுமோ என்று கிருஷ்ணப்பா வழியெல்லாம் கவலைப்பட்டார்.

"உள்ள போனதும் பேசினது நான்தான்னு சொல்லிடறேன்," என்றாள் மல்லிகா.

"நீ வாயைத் தொறந்துதான் இவ்ளோ தூரம் வந்துக்கினு கீறோம். சும்மா இரு."

சென்டர் ஒரு மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் மனோரமா மேடம் உட்கார்ந்திருந்தார். குரலைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு கிளார்க். நகரிப் பக்கத்துத் தமிழர், தாமோதரன் என்று பலகையில் பெயர் இருந்தது.

"நாற்பத்தேழா?" என்றார் மேடம்.

கிருஷ்ணப்பா மாம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த தெலுங்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தமிழும் தெலுங்குமாகக் கொட்டித் தீர்த்தார்.

"தப்பு என்னுது மேடம். நாலு மாசமா எல்லாக் கிளாசுலயும் உக்காந்தது நான். மாடு உதாரணம் சொன்னதும் நான். கீச்சுக்கொரல்ல பேசினதும் நான். நோட்ஸு, அசைன்மெண்டு எல்லாம் என் கையெழுத்து. எம் பொண்ணு சந்தியாவுக்கு ஒண்ணும் தெரியாது. அது ஷிப்டுல நிக்குது. கால் வீங்கிப் போவுது மேடம். என்னை இன்னா வோணும்னாலும் பண்ணுங்க. அதோட டிகிரியை மட்டும் கெடுத்துடாதீங்க."

மேடம் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அவருடைய ஆதாரைக் கேட்டு வாங்கி, கிளார்க்கிடம் கொடுத்தார். தாமோதரன் அதைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். மல்லிகா அவசரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணவனுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

தாமோதரன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"நாப்பத்தேழுல சந்தியான்னு யாரும் கெடையாதுங்க, அந்தப் பொண்ணு சேத்து வுட்டதே கிருஷ்ணப்பான்னு உங்களைத்தான், நாங்க கேக்கறதெல்லாம், அன்னைக்கு உங்களுக்குப் பதிலா பேசுன பொம்பளை யாருன்னுதான்!"